நெல்லுல கலவன், சுரையில கசப்பு: வாசகர் கேள்விகளும் வயக்காட்டுப் பதில்களும்

சம்பாவுக்கு நாத்து விடுற நேரம்ங்கிறதால இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே விதையப் பத்தியும், ஒரு ரகத்துக்குள்ள கலந்து நிக்கிற வேத்து ரகச் செடியான கலவனப் பத்தியும்தான். ஒரே சந்தேகத்த பத்து பேர் பத்து விதமா கேட்டிருக்கீங்க, அதனால சிலதை ஒண்ணா சேர்த்துட்டேன். நான் சொல்றதுல பாதி விதைப்பண்ணை போட்டு அடிபட்டு கத்துக்கிட்டது, மீதி ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கமும் வேளாண்மை ஆபீஸ் பக்கமும் நடையா நடந்து கேட்டுக்கிட்டது.

திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து ஒரு வாசகர்: அண்ணே, நாலு வருஷமா மாப்பிள்ளை சம்பா சொந்த விதையே போட்டுட்டு வர்றேன். மொத வருஷம் ஒரே மட்டமா நின்னுச்சு. போன வருஷம் அங்கங்க குட்டையா வந்துச்சு, அரைச்சுப் பார்த்தா சிவப்பரிசி நடுவுல வெள்ளரிசியும் கிடக்கு. பக்கத்து வயல்காரர் ஆந்திரா பொன்னி போடுறாரு. அங்க இருந்து மகரந்தம் பறந்து வந்துதான் என் ரகத்த கெடுத்துருச்சுங்கிறாங்க, நெசமா?

தம்பி, பக்கத்து வயல்காரர திட்டுறதுக்கு முன்னாடி உங்க சாக்க உதறிப் பாருங்க. கோவிச்சுக்காதீங்க, காரணத்தோடதான் சொல்றேன்.

நெல்லு தன் பூவுக்குள்ளயே தானே சேர்ந்துக்கிற பயிர். காலையில வெயில் ஏறுற நேரத்துல உமி வாய் தொறக்கும், அது தொறக்குறப்பவே உள்ள மகரந்தம் கொட்டி காரியம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், வெளிய பறக்குற மகரந்தத்துக்கும் உயிர் அஞ்சு நிமிஷமோ என்னமோதான். அதனாலதான் நெல் விதைப்பண்ணைக்கு பயிர் விலகு தூரம், அதாவது வேற ரகத்துல இருந்து தள்ளி இருக்க வேண்டிய தூரம், வெறும் 3 மீட்டர்னு விதைச் சான்று ஆபீஸ்காரங்க வச்சிருக்காங்க. கத்தரிக்கு 100 மீட்டர், மக்காச்சோளத்துக்கு 200 மீட்டர் கேக்குற அதே ஆளுங்க நெல்லுக்கு ஒரு வரப்பும் கொஞ்சம் இடமும் இருந்தா போதும்னு விடுறாங்கன்னா யோசிச்சுக்கோங்க. ஒட்டு சேரவே சேராதுன்னு நான் சொல்லல, நூத்துல ஒண்ணுக்கும் கம்மியா எப்பவாச்சும் சேரும்.

உங்க கேஸ்ல அது இல்லன்னு எப்படி சொல்றேன்னா, அரிசியே சாட்சி சொல்லுது. அரிசி மேல இருக்குற சிவப்புத் தோல் தாய்ச்செடியோட உடம்பு. பொன்னி மகரந்தம் வந்து சேர்ந்திருந்தாலும் அந்த வருஷம் உங்க செடியில காய்க்கிற மணி சிவப்பாத்தான் இருக்கும், ஏன்னா தாய் சிவப்பு. அந்த மணிய அடுத்த வருஷம் விதைச்சா வர்ற செடியும் நெட்டையாத்தான் நிக்கும், சிவப்பரிசிதான் தரும், ஏன்னா சிவப்பும் நெட்டையும் மேலோங்கி நிக்கிற குணம். அதுக்கும் அடுத்த தலைமுறையிலதான் பிரிஞ்சு பிரிஞ்சு குட்டையும் வெள்ளையும் வெளிய வரும், அதுவும் அந்த ஒட்டுச் செடியோட வாரிசுல மட்டும். அப்படி வந்தா ஒரே அச்சுல வராது, நெட்டையில வெள்ளை, குட்டையில சிவப்பு, முன்னப் பின்ன பூக்குறதுன்னு நாலு விதமா கலைஞ்சு நிக்கும். உங்க வயல்ல இருக்குற குட்டை எல்லாம் ஒரே உயரம், ஒரே சன்ன ரக நெல்லா இருந்துச்சுன்னா அது கல்யாணம் பண்ணி வந்தது இல்ல தம்பி, பொன்னியே பொடி நடையா நடந்து உள்ள வந்திருக்கு. இந்த சம்பாவுல கதிர் முத்துறப்ப நாலஞ்சு குட்டைக் குத்த, அதாவது ஒரே எடத்துல நட்டு தூர் கட்டுன செடிய, புடுங்கி, பக்கத்து வயல் கதிரோட சேர்த்து வச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

எப்படி வந்துச்சு? மொத வழி நாத்தங்கால். முந்தின போகத்துல உதிர்ந்த நெல்லு அதே மண்ணுல கிடந்து உங்க விதையோட சேர்ந்து முளைக்கும், நாத்தா இருக்கறப்ப பிரம்மனாலயும் கண்டுபிடிக்க முடியாது. விதை விடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தண்ணி கட்டி, கிடக்குற நெல்ல முளைக்க விட்டு, ஒரு உழவு அடிச்சு, மறுபடி தண்ணி கட்டி இன்னொரு தடவ முளைக்க விட்டு உழணும். ஆள் இல்ல, நேரம் இல்லன்னு எல்லாரும் தாண்டிப் போற எடம் இது.

ரெண்டாவது வழிய யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல. நடவு அன்னைக்கு கடைசி வயல்ல நாத்து பத்தாது, நடவு ஆளுங்க நிக்கிறாங்க, உடனே பக்கத்து வயல்ல நாலு முடி நாத்து கடன் வாங்கி நட்டு முடிச்சுருவோம். ஒரு முடிக்கு 200 நாத்துன்னு வச்சுக்கோங்க, குத்துக்கு ரெண்டுன்னா 100 குத்து. நாலு முடிக்கு 400 குத்து. 20க்கு 10 சென்டிமீட்டர்ல நட்ட ஒரு ஏக்கர்ல சுமாரா 2 லட்சம் குத்து இருக்கும், சான்று விதைக்கு, அதாவது வயல் ஆய்வு பண்ணி அட்டை கட்டுற விதைக்கு, அனுமதிக்கிற கலவன் 0.2 சதவீதம், அதாவது 400 குத்து. உங்க கணக்கு மொத்தமும் அந்த நாலு முடியிலயே முடிஞ்சு போச்சு.

மூணாவது அறுக்குற மெஷின். உங்க வயலுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க அறுத்துச்சோ அந்த நெல்லு டேங்க் மூலையிலயும் சல்லடையிலயும் நெல் ஏத்துற குழாயிலயும் கிலோ கணக்குல தங்கியிருக்கும். வாடகை மணிக்கணக்குல ஓடுறதால டிரைவர் கழட்டி உதற மாட்டாரு, அவரக் குத்தம் சொல்லி பிரயோசனம் இல்ல. விதைக்குன்னு நினைச்சிருந்தா அந்த கால் ஏக்கர மட்டும் ஆள் விட்டு கையால அறுத்து தனியா அடிச்சு எடுங்க. அது முடியலன்னா மெஷின்ல கொட்டுற மொத நாலஞ்சு மூட்டைய சாப்பாட்டுக்கு ஒதுக்கிட்டு பின்னாடி வர்றதுல விதை எடுங்க.

கடைசியா சாக்கு. இது என் சொந்தக் கதை. ஒரு வருஷம் கலவன் எல்லாம் பார்த்துப் பார்த்து புடுங்கி, வயல் ஆய்வுல நல்ல பேரு வாங்கி, களத்த கூட்டி தார்ப்பாய் விரிச்சு காயவச்சு எல்லாம் சரியா செஞ்சுட்டு, மூட்டை பிடிக்கற அன்னைக்கு சாக்கு பத்தலன்னு தெரிஞ்சவர்கிட்ட அஞ்சு சாக்கு இரவல் வாங்கினேன். உதறித்தான் குடுத்தாரு. சாம்பிள் விதைச் சோதனைக்குப் போயிட்டு வந்து, லாட்டு ஃபெயில், பிற ரக கலப்பு ஜாஸ்தின்னு வந்து நிக்குது. அப்புறம் வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த அந்த மாதிரி சாக்கு ஒண்ண உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, மூலைத் தையல பிரிச்சுப் பார்த்தா ஒரு கைப்பிடி நெல்லு மடிப்புக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கு. ஒரு கைப்பிடியில சாதாரணமா 1,500 மணிக்கு மேல இருக்கும், 30 கிலோ மூட்டையில அது கலந்தா கிலோவுக்கு 50 மணி. சான்று விதையில கிலோவுக்கு 20 மணிதான் விடுவாங்க. ஆறு மாச வேலை ஒரு தையலுக்குள்ள போச்சு. அன்னையில இருந்து விதைக்கு புதுச் சாக்குதான், எங்க வீட்டம்மா இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுறது தனி.

இந்த வருஷத்துக்கு என்ன செய்யறதுன்னா, இருக்குற விதைய தூக்கிப் போட வேணாம். ஒத்தை நாத்தா, அகலமா, 25க்கு 25 சென்டிமீட்டர்ல கால் ஏக்கர் மட்டும் தனியா நடுங்க. ஏக்கருக்கு 3 கிலோ கணக்குதான், கால் ஏக்கருக்கு ஒரு கிலோ கூட ஆகாது. அந்த ஒரு கிலோவ தட்டுல பரப்பி, சன்னமா தெரியற மணிய எல்லாம் கையால பொறுக்கி எடுத்துட்டு விதைங்க. ஒத்தை நாத்து நட்டா ஒவ்வொரு குத்தும் ஒரே மணியோட புள்ளைங்க, கலவன் தனியா முகம் காட்டும். கொத்தா நட்டா நல்லதுக்கு நடுவுல அது ஒளிஞ்சுக்கும்.

கும்பகோணத்துல இருந்து: கலவன் எப்ப புடுங்கணும் சார்? ஒரு தடவ போதுமா?

மூணு தடவையாவது இறங்கணும். தூர் கட்டுறப்ப ஒரு தடவ, பூக்குறப்ப ரெண்டாவது, பால் பிடிச்சு முத்துறப்ப மூணாவது. ஒரு தடவைக்குத்தான் ஆள் கிடைக்குதுன்னா பூக்குற நேரத்த விடாதீங்க. ஊரே பூத்து நிக்கிறப்ப ஒருத்தன் மட்டும் இன்னும் கதிர் வெளிய வராம தொண்டைக்கதிரா நின்னா, இல்ல ஒரு வாரம் முன்னாடியே பூத்துத் தலை சாஞ்சிருந்தா தூரத்துல இருந்தே தெரியும்.

காலையிலயோ சாயங்காலமோ, சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி நடங்க. உச்சி வெயில்ல எல்லா இலையும் ஒரே மாதிரி மினுக்கும், கண்ணு ஏமாத்தும். நடவு அப்பவே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடக்குற இடைவெளி, விட்டிருந்தா உள்ள நடந்து ரெண்டு பக்கமும் பார்த்துட்டே வரலாம், பட்டம் இல்லாத வயல்ல கலவன் புடுங்குறதுன்னு சொல்றதெல்லாம் வரப்புல நின்னு வேடிக்கை பாக்குறதுதான். உயரத்த மட்டும் பார்க்காதீங்க, தண்ணி நின்ன பள்ளத்துலயும் உரம் கொட்டுன எடத்துலயும் நல்ல செடியே உயரம் மாறி நிக்கும். கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு ஒட்டி இருக்குற கடைசி இலை, நிமிர்ந்திருக்கா படுத்திருக்கா, கணு என்ன நெறம், கதிர் கண்ணாடி இலைய தாண்டி வெளிய வந்திருக்கா உள்ளயே சிக்கியிருக்கா, மணி நுனியில முள்ளு மாதிரி மீசை இருக்கா, இப்படி ரெண்டு மூணு அடையாளம் சேர்ந்து ஒத்துவராம இருந்தாத்தான் அது கலவன்.

புடுங்கறதுன்னா வேரோட, குத்து முழுசும். கதிர மட்டும் ஒடிச்சுப் போட்டா பத்து நாள்ல பக்கத்துச் சிம்பு கதிர் தள்ளிட்டு நிக்கும். முத்துன கலவனா இருந்தா கோணியில போட்டு வயல விட்டு வெளிய கொண்டு போங்க, வரப்புல எறிஞ்சா அடுத்த வருஷம் அதுவே நாத்தங்கால்ல முளைக்கும்.

விழுப்புரத்துல இருந்து: உப்புத் தண்ணியில முட்டை மிதக்க விட்டு விதை நேர்த்தி பண்றோமே, அதுலயே கலப்பு போயிடாதா?

போகாது. 10 லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை கிலோ உப்பு போட்டு, முட்டை மேல வந்து நாலணா அளவுக்கு தலைய காட்டுனா சரியான பதம். அதுல மிதக்குறது பதரும் அரைவயித்து நெல்லும்தான். பொன்னியில நல்லா பால் பிடிச்ச மணியும் முங்கும், சம்பாவுல நல்ல மணியும் முங்கும், தண்ணிக்கு ரகம் தெரியாது. ஆனா நாத்து ஒரே சீரா வர்றதுக்கு அது நல்ல வேலை, விட்டுறாதீங்க, முங்குனத ரெண்டு மூணு தடவ நல்ல தண்ணியில அலசிட்டு ஊற போடுங்க.

மதுரையில இருந்து ஒரு வாசகி: அண்ணா, மாடியில காய்கறி போட்டிருக்கேன். போன வருஷம் என் சுரைக்காய் தேன் மாதிரி இருந்துச்சு. அதுலயே ஒரு காய முத்த விட்டு விதை எடுத்துப் போட்டேன், இந்த வருஷம் வந்த காய் எல்லாம் கசக்குது. தண்ணி பத்தலயா, மண்ணு சரியில்லயா? பக்கத்துல பரங்கி வச்சது தப்பா?

அம்மா, முதல்ல ஒண்ணு. கசக்குற சுரைக்காய ஒரு துண்டு கூட சமைக்காதீங்க. உப்பு போட்டு பிழிஞ்சா போயிரும், புளி ஊத்தினா போயிரும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்தக் கசப்பு வேக வச்சாலும் போகாத விஷம், வாந்தி பேதி ரத்தம் வரைக்கும் கொண்டு போயிரும், நம்ம நாட்டுலயே கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சு உயிர் போயிருக்கு. இனிமே சுரை, பீர்க்கு, வெள்ளரி எது நறுக்குனாலும் ஒரு சின்னத் துண்ட நுனி நாக்குல வச்சுப் பார்த்து துப்பிட்டு அப்புறம் சமைங்க. அந்தக் கொடிய வேரோட எடுத்துருங்க, விதை ஒண்ணு கூட வைக்காதீங்க.

பரங்கி மேல குத்தம் இல்ல. பரங்கியும் சுரையும் வேற வேற சாதி, அதுங்களுக்குள்ள ஒட்டு சேராது. எங்கயோ பக்கத்துல வேலியோரம், காலி மனையில பேய்ச்சுரை படர்ந்திருக்கும், இல்ல யாரோ ஒருத்தர் வீட்டுல கசப்பு கலந்த சுரை இருந்திருக்கும். அந்த மகரந்தத்த பூச்சி தூக்கிட்டு வந்து உங்க பூவுல வச்சிருக்கு. நெல்லுக்கு சொன்னதேதான் இங்கயும், போன வருஷம் நீங்க சாப்பிட்ட காயோட சதை தாய்க்கொடியோடது, அதனால அது இனிப்பாவே இருந்துச்சு. கெட்டது உள்ள இருந்த விதை. ருசி பார்த்து விதை எடுத்தா ஏமாந்து போறது இதனாலதான், காய் இன்னிக்கு தாயப் பத்தித்தான் சொல்லும், அப்பன் யாருன்னு அடுத்த வருஷம்தான் தெரியும். தண்ணி பத்தாம காஞ்சா கசப்பு கொஞ்சம் கூடும்தான், ஆனா ஒரு கொடியில எல்லா காயும் கசக்குதுன்னா அது பொறப்புலயே வந்தது.

நெல்லுக்கு எதிரி நம்ம கை, சாக்கு, மெஷின். கொடிக்காய்க்கும் கத்தரி, மிளகாய், வெண்டைக்கும் எதிரி பறக்குறது. மாடியில அரை கிலோமீட்டர் தள்ளி வைன்னு சொன்னா எங்க போவீங்க, அதனால பூவக் கட்டி நீங்களே கல்யாணம் பண்ணி வைக்கறதுதான் வழி. சுரைப்பூ சாயங்காலம் மலரும், பீர்க்கும் சாயங்காலம்தான். மூணு நாலு மணிக்கு கொடியப் பாருங்க, இன்னிக்கு ராத்திரி விரியப் போற மொட்டு நுனி வெளுத்து, உப்பி, முறுக்கு தளர்ந்த மாதிரி இருக்கும். பொண்ணு மொட்டுக்கு அடியில சுண்டு விரல் அளவு குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருக்கும், அதுல சின்ன ரோமம் கூட தெரியும். ஆண் மொட்டு நீளமான காம்புல மொட்டையா நிக்கும். ரெண்டுத்துலயும் நுனிய நூலால லேசா சுத்திக் கட்டிருங்க, இல்ல துணி கிளிப்பு போட்டாலும் சரி, பூச்சி உள்ள போகக்கூடாது அவ்ளோதான். இருட்டுற நேரத்துல ஆண் பூவ பறிச்சு இதழ எல்லாம் கிழிச்சுட்டா நடுவுல மகரந்தத் தண்டு மட்டும் நிக்கும், அத எடுத்து பொண்ணு பூ நடுவுல இருக்குற தடிச்ச சூல்முடி மேல பூரா படற மாதிரி தடவிட்டு, திரும்ப மூடிக் கட்டிட்டு காம்புல ஒரு சிவப்பு நூல் முடிஞ்சு விடுங்க. நூல் கட்டுன காய மறந்து போய் பொரியல் பண்ணிறாதீங்க, எங்க வீட்டுல நடந்திருக்கு. அது ஓடு காஞ்சு, குலுக்குனா உள்ள சலசலன்னு கேக்குற வரைக்கும் கொடியிலயே இருக்கட்டும். ரெண்டு மூணு கொடி இருந்தா ஒரு கொடி ஆண் பூவ இன்னொரு கொடி பொண்ணு பூவுக்கு வைங்க, எல்லாம் ருசி பார்த்த கொடியா இருக்கணும்.

பரங்கிக்கு நேரம் வேற. அது விடியக்காலையில மலரும், முந்தின நாள் சாயங்காலமே கட்டி வச்சுட்டு காலையில ஏழு எட்டு மணிக்குள்ள வேலைய முடிச்சுரணும், வெயில் ஏறுனா பூ சுருண்டுரும். வெண்டை, கத்தரி எல்லாம் ஒரே பூவுல ரெண்டும் இருக்குறதால இன்னும் சுலபம். நாளைக்கு மலரப் போற மொட்ட முந்தின நாளே சின்ன மல்துணிப் பையில போட்டு கட்டிட்டா தானே காய் வச்சுக்கும். காய் பிடிச்சதும் பைய எடுத்துட்டு நூல் கட்டுங்க.

திருவண்ணாமலையில இருந்து: கடையில வாங்குன தக்காளி நல்லா கெட்டியா சிவப்பா இருந்துச்சு. அதுல விதை எடுத்து போட்டா நாலு செடி நாலு மாதிரி காய்க்குது. ஏன்?

அது வீரிய ஒட்டு ரகமா இருந்திருக்கும். ரெண்டு வேற வேற ரகத்த கை ஒட்டு போட்டு எடுத்த மொத தலைமுறை மட்டும்தான் ஒரே மாதிரி வரும், அதுல இருந்து எடுக்குற விதையில தாத்தா பாட்டி குணம் எல்லாம் சீட்டுக்கட்ட கலைச்ச மாதிரி பிரிஞ்சு வரும். உங்க கையில தப்பு இல்ல. சொந்த விதை வேணும்னா நாட்டு ரகமோ, ஒட்டு இல்லாத ரகமோ தேடி வாங்குங்க, தக்காளிக்கு விலகு தூரமும் ரொம்ப வேணாம், சான்று விதைக்கே 25 மீட்டர்தான்.

அரியலூர்ல இருந்து: விதை மூட்டையில மஞ்சள், வெள்ளை, நீலம், பச்சைன்னு அட்டை தொங்குதே, எது ஒசத்தி? நான் எடுத்த விதைய நாலு பேருக்கு வித்தா கேஸ் ஆகுமா?

மஞ்சள் அட்டை வல்லுநர் விதை, ரகத்த உருவாக்குன ஆராய்ச்சி நிலையம் பக்கத்துல இருந்து வர்றது. அத பெருக்கினா ஆதார விதை, வெள்ளை அட்டை. அதயும் பெருக்கினா சான்று விதை, நீல அட்டை, நமக்கு வேளாண்மை டெப்போவுல கிடைக்கிறது பெரும்பாலும் இதுதான். பச்சை அட்டை உண்மை நிலை விதை, அதுக்கு வயல் ஆய்வு கிடையாது, வித்தவரே பொறுப்பு எழுதிக் குடுக்கறது. படியெறங்க எறங்க கலவன் அளவு கொஞ்சம் தளரும், ஆதார நெல் விதை வயல்ல 10,000த்துக்கு 5 கலவன்தான் விடுவாங்க, சான்று விதையில 10,000த்துக்கு 20. சான்று அட்டையில புறத்தூய்மை 98 சதவீதம், முளைப்பு 80, ஈரப்பதம் 13க்கு மேல போகக்கூடாது. தேதியப் பாருங்க, சோதனை பண்ண நாள்ல இருந்து ஒன்பது மாசம்தான் கெடு. அட்டை நூல் பிரிஞ்சு திரும்ப தைச்ச மாதிரி இருந்தா மூட்டைய வேணாம்னுருங்க.

விக்கிறத பத்தி கேட்டீங்க. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்துல விவசாயி தன் விளைச்சல்ல விதை எடுத்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், பகிர்ந்துக்கலாம், விக்கவும் விக்கலாம்னு தெளிவா இருக்கு. பாதுகாக்கப்பட்ட ரகத்த பேர் போட்டு பிராண்டு விதையா பாக்கெட் கட்டி விக்கிறதுதான் கூடாது. கடை போர்டு மாட்டி வியாபாரமா செய்யப்போறீங்கன்னா லைசென்ஸ் வேணும், அது வேற கணக்கு. நாலு பேருக்கு தெரிஞ்ச முகத்துக்கு குடுக்கறதுக்கு கேஸ் எல்லாம் வராது, ஆனா கலவனோட குடுத்தீங்கன்னா ஊர் திண்ணையில வர்ற கேஸுக்கு வக்கீலே கிடையாது.

நாகப்பட்டினத்துல இருந்து ஒரு இளைஞர்: அய்யா, பாரம்பரிய ரகத்துக்கு எதுக்கு இந்த தூய்மை பேச்சு? நாட்டு ரகம்னாலே கலந்துதானே இருக்கும், அதுதானே அதோட பலம்? கம்பெனிக்காரன் மாதிரி எல்லாம் ஒரே அச்சுல இருக்கணும்னு நம்மளும் ஆசைப்படலாமா?

இந்த மாசத்துல வந்ததுலயே எனக்கு பிடிச்ச கேள்வி இதுதான், பாதி சரி, பாதி தப்பு.

சரியான பாதி: நாட்டு ரகம்னு நாம சொல்றது ஒரே செடியோட நகல் இல்ல, ஒரே குடும்பத்து ஆளுங்க மாதிரி, மூக்கு ஒண்ணா இருக்கும், உயரம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஒருத்தன் வறட்சிய தாங்குவான், ஒருத்தன் ரெண்டு நாள் பிந்தி பூப்பான், மழை பூவுல அடிச்சாலும் எல்லாம் ஒண்ணா போகாது. நல்லா பெருசா இருக்குற இருபது கதிர மட்டும் பொறுக்கி வருஷா வருஷம் விதை எடுத்தீங்கன்னா பத்து வருஷத்துல அந்தக் குடும்பமே ஒத்தை ஆளா சுருங்கிரும். அதனால விதைக்கதிர நாலு மூலையில இருந்தும் நடுவுல இருந்தும், மேட்டுல இருந்தும் பள்ளத்துல இருந்தும் எடுக்கணும், நான் 500 கதிருக்கு கம்மியா எடுக்கறதில்ல.

தப்பான பாதி: குடும்பத்துக்குள்ள இருக்குற வித்தியாசம் வேற, வேத்தாளு உள்ள நுழையறது வேற. காட்டுயானத்துல பூங்கார் கலந்தா அது பன்மை இல்ல, குழப்பம். காட்டுயானம் ஆறு மாசப் பயிரு, ஆள் ஒசரத்த தாண்டி நிக்கும், பூங்கார் அதுக்கு பாதி நாள்லயே முத்தி உதிர்ந்து போயிரும். உதிர்ந்தது அந்த மண்ணுலயே கிடந்து அடுத்த வருஷம் இன்னும் கூடி வரும், அறுக்குறப்ப உங்க கைக்கு வராது, களையா மாறி நிக்கும்.

நம்ம பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் 2006ல நெல் திருவிழா ஆரம்பிச்சப்ப வச்ச முறை தெரியும்ல, 2 கிலோ விதை வாங்கிட்டுப் போனா மறு வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும். அவர் 2018ல காலமாகுறதுக்குள்ள 174 ரகத்த மீட்டுக் கொண்டாந்ததா சொல்வாங்க. அந்த மாதிரி முறையில விதை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு போயிட்டே இருக்கு, போற கையில யாராவது ஒருத்தர் கலவன் புடுங்காம திருப்பினா பேரு மட்டும் கிச்சிலி சம்பாவா இருக்கும், உள்ள இருக்குறது என்னன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால 2 கிலோ வாங்குறவங்க கூடவே அந்த ரகத்த முன்னாடி போட்ட ஒரு பெரியவர்கிட்ட நாலு அடையாளத்தையும் கேட்டு நோட்டுல எழுதிக்கோங்க. கணு நெறம், மணி வடிவம், மீசை, பூக்குற நாள். உங்க செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சா இன்னும் நல்லது.

எடுக்குற 500 கதிரையும் ஒண்ணா உதிர்க்காம, ஒரு கதிருக்கு ஒரு வரிசைன்னு தனித்தனியா விதைச்சு, நாத்தையும் அதே வரிசையில நட்டுப் பாருங்க. ஒட்டு சேர்ந்த கதிரா இருந்தா அந்த வரிசை மட்டும் பிரிஞ்சு பிசிறடிச்சு நிக்கும், வரிசையோட அறுத்து மாட்டுக்குப் போட்டுறலாம். மிச்சத்த எல்லாம் ஒண்ணா கலந்து அடிச்சா அந்த வருஷத்து மூலவிதை. ஆராய்ச்சி நிலையத்துலயும் கரு விதைய, அதாவது ஒரு ரகத்தோட மூல விதைய, இப்படித்தான் காப்பாத்துறாங்க, அதுக்கு பெரிய மெஷின் எதுவும் தேவையில்ல, கயிறும் குச்சியும் நம்பர் எழுத பெயிண்டும் போதும். நான் ஐஸ் குச்சிதான் குத்துறேன்.

இன்னொண்ணு, புடுங்குன கலவன் எல்லாமே குப்பைன்னும் நினைக்க வேணாம். கோணாமணிங்கிற ரகத்துக்கு நடுவுல தனியா தெரிஞ்ச ஒரு செடியப் பிடிச்சுத்தான் 1921ல கோயம்புத்தூர்ல ஜிஇபி 24ங்கிற ரகத்த விட்டாங்க. அன்னைக்கு அந்த வயல்ல இறங்குனவர் அத கலவன்னு புடுங்கி வரப்புல போட்டிருந்தா, இன்னிக்கு பிபிடி 5204 இல்ல, ஏன்னா அதோட முன்னோர்ல ஜிஇபி 24ம் ஒண்ணு. மொத கேள்வி கேட்ட தம்பி திட்டிட்டு இருக்காரே, அந்த ஆந்திரா பொன்னிதான் இது. அதனால நான் கலவன் புடுங்கப் போறப்ப இடுப்புல ஒரு சிவப்பு துணிக்கீத்து சொருகிக்குவேன். பார்த்ததும் மனசு நின்னு போற மாதிரி ஒரு குத்து தெரிஞ்சா புடுங்காம வேரோட மண்ணோட பேத்து, துணிய கட்டி, கொல்லையில தொட்டிப் பக்கம் நட்டு வச்சுருவேன். இதுவரைக்கும் பதினோரு குத்து நட்டிருக்கேன். பத்து ஒண்ணுக்கும் உதவல. பதினோராவது போன தையில அறுத்தேன், 60 கதிர் தேறுச்சு, இந்த சம்பாவுல வரிசை போட்டிருக்கேன்.